பரதேசிகள் பொறுக்கிய சொற்கள்

நான்கைந்து வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆடி மாதம். பேச்சுத்தமிழ் படிக்க வந்திருந்த ஏழு வெளிநாட்டு மாணவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போயிருந்தேன். ஆறு வாரப் படிப்பு முடிகிற நேரம். பரீட்சை என்று எதுவும் வைக்கவில்லை. பதிலுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன்: இந்த ஆறு வாரத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒரு தமிழ்ச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், ஏன் பிடித்தது என்று தமிழிலேயே சொல்லுங்கள். அவ்வளவுதான்.

ஐந்தருவி ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தாள்களைப் பிரித்தோம். ஒருவர் 'சாரல்' என்று எழுதியிருந்தார். மழையும் இல்லாமல் காற்றும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது, அதற்கு எங்கள் மொழியில் பெயர் இல்லை என்றார். இன்னொருவர் 'பொங்குமாங்கடல்'. பேரருவி மேலேயிருந்து நேராகத் தரைக்கு வராமல் நடுவில் ஒரு பாறைக்குழியில் விழுந்து, பொங்கி, பிறகு இறங்குகிறதே, அந்தக் குழிக்கு எங்கள் ஊர் வைத்திருக்கும் பெயர். ஒரு குழியைக் கடல் என்று கூப்பிட எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அவர் கேட்டார். மூன்றாமவர் 'சும்மா'. நான்காமவர் 'போயிட்டு வாரேன்'. ஐந்தாமவர் 'எச்சில்': ஒரு சொல்லுக்குள் இத்தனை சட்டதிட்டமா என்று. ஆறாமவருக்கு 'நாம' என்பதும் 'நாங்க' என்பதும். எதிரே நிற்பவனைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவு செய்யவேண்டிய மொழி இது என்றார். ஏழாவது தாளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

டீ ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் முதல் ஆளிடம் சொன்னார்: "சாரல் சரிதான் தம்பி. ஆனா எங்களுக்குப் பிடிச்ச சொல்லு சீசன். சீசன் இல்லேன்னா சாரலை வச்சு நாங்க என்ன செய்ய?"

சிரித்துவிட்டு வந்துவிட்டோம். ஆனால் அந்தப் பதில் மனசில் தங்கிவிட்டது. வெளியூரிலிருந்து வந்தவர் நம் சொல்லைப் பொறுக்குகிறார், நாம் அவர் சொல்லைப் பொறுக்கி வைத்திருக்கிறோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசி வட்டாரத்தில் யாரும் 'பருவம்' என்று சொல்லிக் கேட்டதில்லை. "சீசன் எப்படி?" என்றுதான் கேட்போம். பேரருவி 'மெயின் ஃபால்ஸ்', ஐந்தருவி 'ஃபைவ் ஃபால்ஸ்'. ஒரு மொழியைப் புதிதாகக் கற்பவர் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார், ஏன், அந்தத் தேர்வால் யாருக்கு என்ன ஆகிறது? நம் தென்கோடிச் சீமையில் இந்தக் கேள்விக்கு நானூற்றைம்பது வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது.

*

பேச்சு வந்ததால் ஒரு சொல். பரதேசி என்றால் பிற தேசத்தைச் சேர்ந்தவன், அவ்வளவுதான். பிறகு ஊர் ஊராய்ப் போகிற சாமியார், பிறகு பிச்சை எடுப்பவர், இன்றைக்கு வசவு. நான் இங்கே முதல் அர்த்தத்தில் சொல்கிறேன்.

முதல் பரதேசி மாணவர்களில் ஒருவர் அன்றீக் அன்றீக்கஸ். போர்ச்சுக்கல்காரர், சேசு சபைக் குரு. 1540களில் வந்து 1600இல் இறக்கும்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு முத்துக்குளித்துறையில், புன்னைக்காயல், தூத்துக்குடிப் பக்கத்தில் வாழ்ந்தார். லத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தை வைத்துக்கொண்டு, கடற்கரையில் கேட்ட தமிழை அதில் அடைத்துப் பார்த்து, போர்ச்சுக்கீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். புலவர் தமிழ் அல்ல, பரதவர் தமிழ். 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. பதினாறே பக்கம். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அது. கொல்லம் நமக்கு அயலூர் இல்லை. ஆரியங்காவுக் கணவாய் ஏறி இறங்கினால் செங்கோட்டை, அடுத்தது தென்காசி. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது.

அந்தத் தலைப்பைக் கவனியுங்கள். கடவுளைக் குறிக்க அன்றீக்கஸ் பொறுக்கியது 'தம்பிரான்'. தலைவன், எசமான் என்ற பொருளில் ஜனங்கள் வாயில் புழங்கிய சொல். சைவ மடங்களிலும் வழங்கியது. போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து ஒரு சொல்லை அப்படியே இறக்கியிருக்கலாம். சிலுவைக்குக் குருசு என்று இறக்கத்தானே செய்தார்கள்? ஆனால் தலையாய சொல்லுக்கு மட்டும் அவர் ஊர்க்காரர் வாயைப் பார்த்தார்.

இங்கேதான் மாணவனுக்குப் பிடித்த சொல்லும், மாணவன் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டிய சொல்லும் பிரிகின்றன. என் ஏழு பேரும் தங்களுக்குப் பிடித்ததை எழுதிவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். அவர்கள் 'சாரல்' என்று எழுதினதால் சாரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதிரிமார் பொறுக்கிய சொல்லை வைத்து ஒரு ஜனக்கூட்டம் மண்டியிட்டு ஜெபம் செய்யவேண்டும். பிறப்பில், கல்யாணத்தில், சாவில் அந்தச் சொல்லைத்தான் கூப்பிடவேண்டும்.

அந்த ஒரு சொல் பட்ட பாட்டைச் சொன்னாலே போதும். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவர் காலத்துக் கத்தோலிக்கர் 'சர்வேசுரன்' என்றார்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் படித்தவர், அவரும் சர்வேசுரன் என்றே எடுத்துக்கொண்டார். அதே நூற்றாண்டில் பின்னால் வேதத்தை மொழிபெயர்த்த பப்ரிசியஸ் அதை மாற்றி 'பராபரன்' என்றார். 1871இல் வெளிவந்த பவர் திருப்புதலில் அது 'தேவன்' ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்புகளில் 'கடவுள்' வந்தார்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபமும் இருந்தது. சர்வேசுரன் என்றால் உள்ளே ஈஸ்வரன் இருக்கிறார். பராபரன் என்றால் தாயுமானவர் வழியில் வந்த வேதாந்த வாடை. தேவன் என்றால் முப்பத்து முக்கோடியில் ஒருவர் என்று ஆகிவிடாதா? கடவுள் தமிழ்தான், ஆனால் தேவனைக் கூப்பிட்டுப் பழகிய நாக்கு என்ன செய்யும்? இன்றைக்கும் தென்காசிப் பக்கத்தில் ஒரு சீர்திருத்தச் சபைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தால் காதில் விழுவது தேவன்தான். தரங்கம்பாடி மரபிலிருந்து வந்த லுத்தரன் சபையார் பப்ரிசியஸின் பராபரனை நெடுங்காலம் விடவில்லை. ஒரு மாணவரின் சொல்தேர்வு இன்னொரு தலைமுறைக்குத் தாய்மொழி ஆகிவிடுகிறது. பிறகு வருகிற மாணவர் அதைத் திருத்த வந்தால் கை வைக்கவே விடமாட்டார்கள்.

*

இப்படிக் கை வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர் ரேனியஸ். பிரஷ்யாக்காரர். 1814இல் சென்னைக்கு வந்து, 1820இல் பாளையங்கோட்டைக்கு மாறி, 1838இல் அங்கேயே இறந்தார். பாளையங்கோட்டையில் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் திருப்பாற்கடல்நாதன் கவிராயர். இந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அயல்நாட்டுத் தமிழறிஞர்களைப் பற்றிப் பேசும்போது மாணவரின் பெயர் நிற்கிறது, வாத்தியாரின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. சென்னையில் ராமாநுஜக் கவிராயர் எத்தனை வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்! போப்பும் அவரிடம் படித்தவர்தான். அந்த மாணவர்கள் சொற்களைப் பொறுக்கினார்கள் என்றால், முறத்தில் போட்டுக் கொடுத்தவர்கள் இந்தக் கவிராயர்கள்.

ரேனியஸ் 1832இல் 'பூமி சாஸ்திரம்' என்று ஒரு புஸ்தகம் போட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தமிழில் பூகோளம். தமிழ் இலக்கணம் ஒன்றும் எழுதினார். ஆனால் அவர் மனசெல்லாம் பழைய வேதப்புத்தகத்தைத் திருத்துவதில் இருந்தது. பப்ரிசியஸின் தமிழ் சொல்லுக்குச் சொல் மூலத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது, படிக்கிறவனுக்குப் புரியவில்லை, இலக்கணமும் இடறுகிறது என்பது அவர் கட்சி.

எதிர்க்கட்சி தஞ்சாவூரிலிருந்து வந்தது. தலைமை தாங்கியவர் வேதநாயக சாஸ்திரியார். பிறந்தது 1774இல், அவரும் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்தான். சின்ன வயதிலேயே ஷ்வார்ட்ஸ் ஐயர் கூட்டிக்கொண்டு போய்த் தஞ்சாவூரில் வளர்த்தார். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலநாதருக்குப் பாடிய குறவஞ்சி எந்த வகையோ, அந்த வகையிலேயே 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். மலைக்குறத்தியைப் பெத்லகேமுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் சாமானியப்பட்டவரா? புதிதாக வந்த பாதிரிமார் பழைய வேதத்தில் கை வைப்பதை அவர் கடுமையாக எழுதிக் கண்டித்தார்.

யோசித்தால் வேடிக்கைதான். ஒரு ஜெர்மானியர் எழுதிய தமிழை இன்னொரு ஜெர்மானியர் திருத்தக்கூடாது என்று ஒரு தமிழ்க் கவிராயர் சண்டை போடுகிறார். யார் தமிழ் அது? அச்சில் வந்தபோது பப்ரிசியஸின் தமிழாக இருந்திருக்கலாம். ரேனியஸ் வந்தபோது அது சாஸ்திரியாரின் தாயும் தகப்பனும் ஜெபித்த தமிழ். மாணவன் எழுதினது என்று அதைத் தள்ள அவருக்கு மனசு வரவில்லை. எனக்கு ரேனியஸ் சொன்னது சரி என்றே படுகிறது. ஆனால் சாஸ்திரியாரின் கோபம் புரிகிறது.

ரேனியஸ் நமக்கு விட்டுப்போன இன்னொரு சொல் இருக்கிறது. மேற்கு மலையடிவாரத்தில் களக்காட்டுப் பக்கம் 'டோனாவூர்' என்று ஒரு ஊர். பண உதவி செய்த பிரஷ்யப் பிரபு டோனா பெயரால் அமைந்தது. முன்பாதி ஜெர்மன், பின்பாதி தமிழ். பஸ் போர்டில் அந்தப் பெயரைப் பார்க்கிற யாருக்கும் அது அயல்பெயராகத் தோன்றுவதில்லை.

*

அடுத்து கால்டுவெல். 1814இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1838இல் சென்னை வந்தார். 1841இல் இடையன்குடியில் போய்ச் சேர்ந்தார். சென்னையிலிருந்து பெரும்பாலும் நடந்தே, நீலகிரி வரைக்கும் சுற்றி வந்தார். வழியெல்லாம் பேச்சுக் கேட்டுக்கொண்டே வந்த நடை அது. பதினைந்து வருஷம் கழித்து 1856இல் 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' வந்தது.

கால்டுவெலின் புத்தகத்தை இலக்கணம் என்று பயந்து பலபேர் திறப்பதே இல்லை. அதற்குள் ஒரு சொல்பொறுக்கி உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பிடித்தமான சொற்களில் ஒன்று 'தோகை'. பழைய ஏற்பாட்டில் சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கு எபிரேய மொழியில் உள்ள சொல் 'துக்கி'. அது நம் தோகைதான் என்றார். 'அரிசி'தான் கிரேக்கத்தில் 'ஒரிசா' ஆயிற்று என்றார். பின்னால் வந்த மொழியியலாளர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை, அரிசி விஷயத்தில் இன்னும் தகராறு. ஆனால் அந்த ஆளின் சந்தோஷத்தைப் பாருங்கள். பனங்காட்டுத் தேரியில் உட்கார்ந்துகொண்டு, தான் சின்ன வயதிலிருந்து படித்த வேதத்துக்குள் ஒரு தமிழ் மயில் நிற்பதைக் கண்டுபிடிக்கிறார். தென்காசி வயக்காட்டில் இன்றைக்கு மயில் கூட்டம் கூட்டமாக மேய்கிறது. பயிரைத் தின்கிறது என்று சம்சாரிகள் விரட்டுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கால்டுவெல் ஞாபகம்தான்.

இன்னொன்று செய்தார். சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொற்களை எல்லாம் விலக்கிவிட்டு, மிச்சம் இருப்பதை வைத்து ஆதி திராவிட மொழிக்காரர் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று ஒரு படம் போட்டார். அவர்களுக்கு ராஜா இருந்தான், அரண் இருந்தது, பாட்டுப் பாடுபவன் இருந்தான், விழா இருந்தது, எழுத ஓலை இருந்தது, மருந்து இருந்தது. பரம்பரைப் பூசாரி இல்லை, விக்கிரகம் இல்லை. நூறு வரைக்கும், சில மொழிகளில் ஆயிரம் வரைக்கும் எண்ணத் தெரியும். லட்சமும் கோடியும் பிறகு வந்தவை. கிரகங்களில் வெள்ளி, செவ்வாய், வியாழன் எல்லாம் தெரியும். புதனும் சனியும் தெரியாது, ஏனென்றால் சொந்தப் பெயர் இல்லை. இந்த முறையில் ஓட்டை உண்டு. சொல் இல்லாததால் பொருளும் இல்லை என்று ஆகாது, பழைய சொல்லைப் புதுச் சொல் தின்றிருக்கலாம். இருந்தாலும் ஒரு மொழியின் சொற்களை அடுக்கியே ஒரு ஜனத்தின் வீட்டைக் கட்டிக் காட்டலாம் என்று நமக்குச் சொன்னவர் அவர். அடுத்த நூறு வருஷத்துத் தமிழ்நாட்டு அரசியலுக்கே அஸ்திவாரத்தில் அந்தச் சொல்லடுக்கு கிடக்கிறது.

அதே கால்டுவெல்தான் 1849இல் ஒரு சிறுபுத்தகம் எழுதினார். தன் சபையில் பெரும்பான்மையாக இருந்த பனையேறும் சமூகத்தாரைப் பற்றி. அவர்களை அந்தக் காலத்து அரசாங்கக் காகிதங்கள் எந்தப் பெயரால் குறித்தனவோ அந்தப் பெயரையே தலைப்பில் வைத்து, அவர்களுடைய பழக்கவழக்கம், புத்தி, வழிபாடு எல்லாவற்றையும் வெளிநாட்டு வாசகருக்கு விவரித்திருந்தார். பல இடங்களில் மட்டமாக. ஆங்கிலத்தில் எழுதினால் இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ. அவர் போதித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே ஆங்கிலம் படித்துவிட்டார்கள். கோபம் மூண்டது. புத்தகம் சுற்றிலிருந்து விலக்கப்பட்டது. மிஷனோடு பிணங்கிய சட்டாம்பிள்ளை 1857இல் வெள்ளைக்காரர் இல்லாத தனிச்சபை ஒன்றையே தொடங்கினார். அந்தச் சமூகத்தார் தங்கள் பெயருக்காக அதற்கு அப்புறமும் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அரசாங்கம் 'நாடார்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது.

மயிலுக்கு அவ்வளவு ஆசையாகச் சொல் தேடிய அதே கை, கூட வாழ்ந்த மனிதருக்குச் சொல் தேடும்போது கச்சேரிக் காகிதத்தைப் பார்த்து எழுதிவிட்டது. கால்டுவெலை மதிக்கிறேன், இடையன்குடிக் கோயிலில் அவர் கல்லறைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

*

போன சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பர்னலும் யூலும் சேர்ந்து தொகுத்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி 1886இல் வந்தது. பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், புத்தகம் வருமுன்பே இறந்துவிட்டார். இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் வாயில் ஒட்டிக்கொண்ட சொற்களின் மூட்டை அது. தமிழிலிருந்து கட்டுமரம் போயிருக்கிறது, சுருட்டு, கறி, மிளகுத்தண்ணி, பந்தல், அணைக்கட்டு போயிருக்கின்றன. எல்லாம் வாயும் வயிறும் வேலையும். அன்பு போகவில்லை, அருள் போகவில்லை. கூடவே ஒன்று போனது: 'பறையா'. பறையோடு தொடர்புடைய ஒரு சமூகத்தின் பெயர். ஆங்கிலத்திலும் மற்ற ஐரோப்பிய மொழிகளிலும் அது 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொதுச்சொல் ஆகி, இன்றைக்கும் பேப்பர்காரர்கள் யோசிக்காமல் எழுதுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை, நாம் அதற்குள் வைத்திருந்த இழிவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்கள். பழியை அவர்கள் மேல் மட்டும் போட முடியாது.

வந்த சொற்களுக்குக் குற்றாலத்துப் பழக்கடையே சாட்சி. சீசனில் பஸ் ஸ்டாண்டிலிருந்து பேரருவி வரைக்கும் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். மூன்றும் மலாய்ச் சொற்கள். ரம்புட் என்றால் மயிர், துரி என்றால் முள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதின் தொடக்கத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டது. டச்சுக்காரர் கையிலிருந்த மசாலாத் தீவுகளின் ஏகபோகத்தை உடைப்பது நோக்கம். தீவுக்கு ஏற்ற ஈரம் இந்த மலைச்சரிவில் இருந்தது. அந்தக் கிழக்குச் சீமைச் செடிகளின் வழியில்தான் இந்தப் பழங்களும் அவற்றின் பெயர்களும் நம் பக்கத்தில் வேர்பிடித்தன. ரம்புட்டானைக் கூறுகட்டி விற்கும் ஆச்சியிடம் அது மலாய் என்றால் நம்பமாட்டாள். "நம்ம மலைப்பழம்யா" என்பாள். ஜன்னலும் சாவியும் மேசையும் அலமாரியும் போர்ச்சுக்கீசியம் என்று எந்த வீட்டுக்குத் தெரியும்?

*

போப்பைப் பற்றி ஒரு கதை எல்லோருக்கும் தெரியும். தன் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதச் சொன்னார் என்று பள்ளிக்கூடத்தில் நானும் படித்தேன், நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 1908இல் இறந்த போப்பின் கல்லறை ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் இடுகாட்டில் இருக்கிறது. கல்லில் அப்படி ஒரு வரி இல்லை. அவர் தமிழும் தெலுங்கும் போதித்தவர் என்று இருக்கிறது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தார்கள் என்று இருக்கிறது.

கல்லில் இல்லாததை நாம் ஏன் எழுதிக்கொண்டோம்? 1842இல் சாயர்புரத்தில் இருபத்திரண்டு வயசுப் பையனாக வந்து சேர்ந்து, 1886இல் குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொடுத்தவருக்கு நாம் கொடுக்க நினைத்த உயர்ந்த பட்டம் 'மாணவன்' என்பது. பண்டிதர், துரை, ஐயர் எல்லாம் கையில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு மாணவன் என்ற சொல்லைப் பொறுக்கியிருக்கிறோம். கதை பொய்யாக இருக்கலாம், சொல்தேர்வு நம்முடையது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு: பார், எங்கள் மொழிக்கு முன்னால் வெள்ளைக்காரனும் மாணவன்தான் என்று.

சொற்களை முழுசாகக் கூட்டி அள்ளிய வேலையும் இப்படித்தான் நடந்தது. அமெரிக்கப் பாதிரியார் வின்ஸ்லோவின் அகராதி 1862இல் அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களோடு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இன்னொரு அமெரிக்கர் சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கி, 1926க்குப் பிறகு திருநெல்வேலிக்காரர் வையாபுரிப்பிள்ளை கையில் நிறைவேறியது. ஆறு தொகுதி, ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். பரதேசி தொடங்கியதை ஊர்க்காரர் முடித்தார்.

ஊர்க்காரர் என்றதும் ரசிகமணி டி.கே.சி.யையும் சொல்லவேண்டும். கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்து 1954இல் இங்கேயே மறைந்தவர். ராஜாஜியும் கல்கியும் தேடிவந்து அவர் பேச்சைக் கேட்டார்கள். ஒரு செய்யுளைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒரு சாதாரணச் சொல்லில் நிறுத்தி, 'இதைக் கவனித்தீர்களா' என்று கேட்பது அவர் வழி. பிறந்ததிலிருந்து பேசுகிற சொல்லைத் திடீரென்று முதல்முறை கேட்பதுபோல் கேட்க வைப்பார். என் மாணவர்கள் துண்டுத்தாளில் செய்ததும் அதைத்தான். அந்நியனுக்கு அது தானாக வரும். தாய்மொழிக்காரன் பயின்றுதான் பெறவேண்டும்.

*

ஏழாவது தாள்.

அதை எழுதியவர் இருபத்தைந்து வயசுப் பெண். வகுப்பில் அதிகம் பேசமாட்டார். தாளில் 'அண்ணாச்சி' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பொங்குமாங்கடலுக்கு முன்னால் அண்ணாச்சியா?

ஏன் பிடிக்கும் என்று கேட்டேன். மெதுவாக, திக்கித் திக்கி, எழுவாய் பயனிலை சரியாக வரும்படி சொன்னார். முந்தின நாள் பேரருவிக்குப் போனபோது எண்ணெய் தேய்த்துவிடும் ஒரு வயசானவரிடம் நான் பேசியதைக் கவனித்தாராம். "நீங்க எங்களை 'நீங்க' சொல்றீங்க. நாங்க சின்னப் பசங்க. அவரை 'நீ' சொன்னீங்க. அவருக்கு அறுபது வயசு. வகுப்புல 'பெரியவங்களுக்கு நீங்க' சொல்லிக்கொடுத்தீங்க. எனக்கு ரூல் புரியலை. அப்புறம் ஒரு அம்மா அவரை 'அண்ணாச்சி' கூப்பிட்டாங்க. அண்ணாச்சி சொன்னா நீங்கதான் வரும். நீ வராது. அதனால பிடிக்கும்."

டீக்கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் என்னவோ சமாதானம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் நீ என்பது உரிமை, பாசம், அது அப்படித்தான் என்று. பாதி உண்மை. அந்தப் பெரியவரிடம் எனக்கு என்ன பாசம்? ஒருமையில் கூப்பிட்டுப் பழகிய வாய், அவ்வளவுதான். அவர் என்ன ஆள், என்ன வேலை என்று பார்த்து என் நாக்கு என்னைக் கேட்காமலே சொல்லைப் பொறுக்கிவிட்டது. கால்டுவெலின் கச்சேரிக் காகிதத்தைப் பற்றி மேலே அவ்வளவு எழுதியிருக்கிறேன். என் வாய்க்குள்ளேயும் அப்படி ஒரு காகிதம் இருந்திருக்கிறது.

திரும்பும் வழியில் தென்காசியில் வண்டியை நிறுத்திக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். ராஜகோபுர வாசலில் எதிரும் புதிருமாக வீசும் காற்றில் எல்லோருக்கும் துணியும் முடியும் பறந்தன. பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறான் என்று சொன்னேன். பின்னொரு காலத்தில் இந்தக் கோயில் பழுதுபட்டு, அதை யார் திருத்திச் சரிசெய்தாலும், அவர் யாராக இருந்தாலும், அவர் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று பொருள்படப் பாடி வைத்திருக்கிறான்.

"யாராக இருந்தாலும்?" என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டார்.

"யாராயிருந்தாலும்" என்றேன்.

நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். வெளியே வந்து செருப்பு பார்த்துக்கொண்டிருந்தவரிடம் டோக்கனை நீட்டும்போது, எனக்கு முன்னால் நின்ற அவர், "அண்ணாச்சி, எவ்வளவு?" என்றார். எனக்கு முறை வந்தபோது நானும் அப்படியே கேட்டேன். வாயில் கொஞ்சம் புதுசாகத்தான் இருந்தது.